தங்கையின் நெஞ்சில் ஒரு பஞ்சர்

என் தங்கையின் நெஞ்சில் காதை வைத்தால் இரைச்சல் கேட்கும். நிற்காத, மெல்லிய இரைச்சல். அவளுக்கு ஐந்து வயது, எனக்கு எட்டு. விருந்தாளி வந்தால் மற்ற பிள்ளைகள் பாட்டுப் பாடிக் காட்டும். நான் இவள் நெஞ்சைக் காட்டுவேன். நாலடி ஓடினால் அவளுக்கு மூச்சு வாங்கும் என்பதை மட்டும் யாரும் ரசிக்கவில்லை.

நல்லம்பள்ளியில் பஞ்சர் கடை வைத்திருந்த மாமாவும் ஒருநாள் காதை வைத்துப் பார்த்தார். அவர் கருத்துச் சொல்லாத துறை கிடையாது. "எங்கியோ காத்து எறங்குது. டாக்டருங்க கண்டுபுடிச்சா நெஞ்சைப் பொளந்துடுவாங்க. வேற எப்பிடி உள்ள கைய வுடறது?"

அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலை: டாக்டர் கண்டுபிடிக்கக் கூடாது. காற்று இறங்குவதுதான் சத்தமென்றால், மூச்சை நிறுத்தினால் சத்தமும் நிற்கும். சோதித்துப் பார்க்கத் தோன்றவில்லை. மாமா சொன்ன பிறகு சோதனை எதற்கு? ஒரு வாரம் தங்கைக்கு மூச்சடக்கப் பயிற்சி கொடுத்தேன்.

பள்ளிக்கு மருத்துவ முகாம் வந்தது. டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததும் நான் கண்ணைக் காட்டினேன். தங்கை கன்னத்தை உப்பிக்கொண்டு மூச்சை அடக்கினாள்.

"அப்படியே இரு கண்ணு, விட்றாதே" என்றார் டாக்டரம்மா. நெடுநேரம் கேட்டார். இடம் மாற்றி மறுபடியும் கேட்டார். தேடுகிறார், அகப்படவில்லை என்று எனக்கு ஒரே குஷி. பிறகு அம்மாவை வரச்சொல்லி, சென்னைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். தனக்கு அகப்படாததைப் பெரிய ஆஸ்பத்திரியில் தேடச் சொல்கிறார் போலும். அம்மாவும் தங்கையும் சென்னை போயிருந்த பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தங்கை வந்ததும் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். நெஞ்சில் ஒரு கீறல்கூட இல்லை. தொடையில் மட்டும் ஊசி குத்திய மாதிரி ஒரு புள்ளி.

"பொறக்கும்போதே வேண்டாத ரத்தக்கொழா ஒண்ணு இருந்திருக்குதுடா. தொடை வழியா சன்னமா ஒரு டியூபு வுட்டு, உள்ளயே கம்பிச் சுருள் வெச்சு அடைச்சுட்டாங்க" என்று அம்மா மாமாவிடம் சொன்னாள்.

மாமா சிரித்தார். "வீலைக் கழட்டாம, டயரைப் பிரிக்காம, வால்வு வழியாவே பஞ்சர் ஒட்டுனாங்களாக்கும்? யாருகிட்டக்கா கதை வுடறாங்க!"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. தங்கையின் நெஞ்சில் காதை வைத்தேன்; இரைச்சல் நின்றிருந்தது. எல்லாம் என் பயிற்சியின் பலன். டாக்டர்களை ஏமாற்றிவிட்டோம் என்று பள்ளி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். தங்கை எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். மூச்சுச் சத்தம் அடங்கினால்தான் அந்த இரைச்சல் டாக்டர் காதுக்குத் தெளிவாகக் கேட்கும் என்பதும், அவளைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்ததே நான்தான் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.