மைனர் பாகம்

வீடு வாங்குவது எப்படி என்று பையன்களுக்குப் பாடம் நடத்தியவன் நான். என்னைப்போல் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவன் இந்த ஜில்லாவிலேயே இருக்க மாட்டான்.

யுத்தத்துக்குச் சில வருஷம் முந்தி ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு வாங்கினேன். அப்போது திருச்சிக் கோட்டைப் பக்கம் ஒரு ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார் உத்தியோகம். வாடகை வீடுகளில் தண்ணீருக்கும் கொடிக்கயிற்றுக்கும் பேச்சு வாங்கி என் மனைவிக்கு அலுத்துப்போயிருந்தது. வளைகளையும் ஒட்டியாணத்தையும் தானே கழற்றி என் கையில் வைத்தாள். "இனிமே ஒருத்தர் வாயில புகுந்து பொறப்படப்படாது. நமக்குன்னு ஒரு ஆம் வேணும்" என்றாள். வீடு அவள் நகையில் வந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

விற்றவரை ஊரில் மைனர் என்றுதான் சொல்வார்கள். கழுத்தில் செயின், சில்க் ஜிப்பா, கிட்டே போனால் அத்தர் வாசனை. மெட்ராஸ் குதிரைப் பந்தயத்துக்கு ரயிலேறுகிறவர் என்று என் காதிலும் விழுந்திருந்தது. பாட்டன் சொத்தை எதற்காக விற்கிறார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அப்படிக் கேட்கிற வழக்கமில்லை. நொடித்துப்போன குடும்பத்தைப் பார்த்து, ஏன் நொடித்தாய் என்று கேட்பதா? சீச்சீ! "எல்லாம் பெருமாள் திருவுள்ளம், ஸ்வாமி" என்றார் அவர். நானும் பெரிய மனுஷத்தனமாகத் தலையை ஆட்டிவிட்டுப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்தக் குடும்பத்தில் இன்னொரு மைனரும் இருந்தான். இவன் சட்டப்படி மைனர், அவருடைய ஒரே பிள்ளை. என் வகுப்பில்தான் படித்தான்.

அந்த வருஷம் பாடம் சீக்கிரமே முடிந்துவிட்டது. "பையன்களுக்கு உபயோகமா ஏதாவது சொல்லிக்கொடுங்க" என்றார் ஹெட்மாஸ்டர். எனக்குப் புது வீட்டுக்காரன் என்ற தலைக்கனம். வீடு வாங்குவதைப் பற்றியே நடத்தினேன். விலை மட்டும் விலை இல்லையடா, ஸ்டாம்பு இருக்கிறது, ரிஜிஸ்தர் செலவு இருக்கிறது, பத்திரம் எழுதுகிறவர், தரகர், வெள்ளையடிக்கிறவர் எல்லோரும் கையை நீட்டுவார்கள் என்றேன். மூலபத்திரம் பார்க்க வேண்டும், வில்லங்கம் பார்க்க வேண்டும் என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம்.

"பாட்டன் சொத்தான்னு பாருங்கோடா. ஆத்துல மைனர் இருந்தா அப்பன் இஷ்டத்துக்கு வித்துட முடியாது. குடும்பத்துக்கு என்ன அவசியம்னு கேட்டுண்டுதான் வாங்கணும். கேக்காம வாங்கினேளோ, பையன் பெரியவனாகிக் கேஸ் போட்டுத் தன் பாகத்தைப் பிடுங்கிண்டு போயிடுவான்!"

வகுப்பு சிரித்தது. மைனரின் பிள்ளை மட்டும் எழுந்து நின்றான்.

"எத்தனை வயசுல சார் கேஸ் போடலாம்?"

"பதினெட்டு ஆனப்புறம், மூணு வருஷத்துக்குள்ள. பலே, இதுன்னா கேள்வி!" என்று முதுகில் தட்டிக்கொடுத்தேன். மடையன், நான்தான்.

அவனுக்குப் பதினெட்டு ஆயிற்று. எனக்குச் சம்மன் வந்தது.

கோர்ட்டில் என் வக்கீல் அவனை மடக்குவதாக நினைத்துக்கொண்டு, "உனக்குப் பாகம் உண்டுன்னு யாரு தூண்டிவிட்டது?" என்று கேட்டார். "ஒருத்தரும் தூண்டலை. சார்தான் கிளாஸ்ல சொல்லிக்கொடுத்தார்" என்றான். ஜட்ஜே சிரித்துவிட்டார். அடுத்து நான் கூண்டில் ஏறினேன். அவன் வக்கீல் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கேட்டு வாங்கணும்னு பையன்களுக்குச் சொன்னீங்களே, நீங்க கேட்டீங்களா?"

குதிரைக்குப் போன பணம் குடும்ப அவசியம் ஆகாது என்று தீர்ப்பாயிற்று. வீட்டில் பாதி அவனுக்கு. அப்பீலுக்கும் போய்த் தோற்றேன், வக்கீல் பீஸுக்குக் கடன்தான் மிச்சம். "ஏன்னா, கணக்கை மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தா சம்பளம் தரமாட்டேன்னாளா?" என்று என் மனைவி கேட்டாள். வெறும் கையோடு நின்று கேட்டாள். 

கடைசியில் என் பாதியையும் விற்க வேண்டியதாயிற்று. குறுக்கே சுவர் எழுப்பப்போகிற பாதி வீட்டை வேறு யார் வாங்குவார்கள்? தாய்மாமன் கொடுத்த பணத்தோடு அவனே வந்தான். மூலபத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படித்தான். வில்லங்கமும் ஏற்கெனவே பார்த்துவிட்டானாம்.

"இது சார் சொந்த சம்பாத்தியம்தான். இருந்தாலும் உங்காத்துலயும் ஒரு பையன் இருக்கான். என்ன அவசியத்துக்கு விக்கறேள்னு பத்திரத்துல ஒரு வரி எழுதிடுங்கோ" என்றான். குரலில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

பத்திரம் எழுதுகிறவர் என் முகத்தைப் பார்த்தார். "என்ன அவசியம்னு எழுதட்டுங்க?"

"இவன் போட்ட கேஸுக்கு ஆன செலவுன்னு எழுதுங்கோ" என்றேன்.

அவன் கொஞ்சம் யோசித்தான்.

"அது செல்லும், சார்" என்றான்.