மிட்டாதார் வரலாற்றுக்கு அழுதவர்கள்

நூலகத்துக்கு வருகிறவர்களை எந்த வாழ்க்கை வரலாறுகளைப் படிக்கச் சொல்லலாம் என்று நூலகத்துக்காரர்கள் என்னைக் கேட்டார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவனிடம் கேட்கிற கேள்வியா இது. கேட்டுவிட்டார்கள். சொல்கிறேன்.

முப்பதுகளின் கடைசியில், பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு வாசகசாலை இருந்தது. எங்கள் நிலத்துக்கெல்லாம் வரி வாங்குகிற மிட்டாதார் கொடுத்த இடம். முன்பு அதில் ராகி கொட்டி வைத்திருந்தார். எலித் தொல்லை தாங்காமல் ராகியை எடுத்துக்கொண்டு, புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஒரே அலமாரி. அதில் பாதி பெரிய மனிதர்களின் வரலாறு. ஒரு திவான், ஒரு தளபதி, ஒரு சாமியார். எல்லாவற்றையும் படித்தேன். மூன்று பேரும் பிறந்தது முதல் பொய் சொன்னதில்லை. மூன்று பேருக்கும் பசித்ததில்லை. பசித்தால் அதற்கு விரதம் என்று பேர். இவர்களோடு ஒரு பொழுது களை எடுக்க முடியாது.

கப்பலில் சமையல் செய்த ஒருவன் எழுதியது மட்டும் தேறும். சோற்றைத் தீய விட்டு அடி வாங்கியதை எழுதியிருந்தான். கூட வேலை செய்தவர்கள் பேரெல்லாம் அதில் இருந்தது. அட்டை போன புத்தகம். அதைப் படி என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

சொல்வதற்கென்று வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. மேலே ‘படிக்கத் தகுந்தது’ என்று பெயின்டில். கீழே ஒரு புத்தகத்தின் பேரை வாத்தியார் எழுதுவார். அவர்தான் வாசகசாலைக்குச் செயலாளர். மிட்டாதார் சொல்லச் சொல்ல அவருடைய வரலாற்றை எழுதியவரும் வாத்தியார்தான். சேலத்தில் அச்சாகி வந்தது. அதன்பின் பலகையில் வேறு பேர் ஏறவில்லை.

யாரும் அதை எடுக்கவில்லை. ஊரில் படிக்கத் தெரிந்தவர்கள் சொற்பம். சாயங்காலம் உரக்கப் படித்துக் காட்டுவது என்று முடிவானது. வாத்தியாருக்குத் தொண்டை கட்டும். என்னைப் பிடித்தார். அண்ணிக்காக ஒத்துக்கொண்டேன்.

அதற்கு முந்தின மழையில் ஏரிக்கரை உடைந்தது. மதகுப் பக்கம் மண்மூட்டை போட என் அண்ணன் இறங்கினான். உடைப்பு அடைபட்டது. அவன் ஏறி வரவில்லை. மிட்டாதார் அன்று தருமபுரியில் இருந்தார். தண்ணீர் வடிந்தபின் குதிரை வண்டியில் வந்து கரையைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

வாத்தியார் வந்தார். “உங்க வூட்டுக்காரர் பேரு எசமான் புஸ்தகத்துல இருக்குதும்மா. வந்து கேளுங்க” என்று அண்ணியிடம் சொன்னார். மோர் குடித்துவிட்டுப் போனார்.

எங்கள் பக்கத்தில் ஒரு ஆளின் கதையைப் பிறப்பிலிருந்து முழுசாகச் சொல்வது ஒரே சமயத்தில்தான். ஆள் செத்தபின், பெண்கள் கூடி ஒப்பாரி வைக்கும்போது. எசமான் கதையைப் பிறப்பிலிருந்து சொல்கிறார்களாம் என்று தெருவில் பேச்சுப் போயிற்று. முதல் நாள், நான் அவர் தொட்டிலில் கிடந்த பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாறு பெண்கள் தலையை அவிழ்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள்.

“எப்ப போனாரு? காலையிலகூட வண்டியில பாத்தனே!”

“ஐயோ, உசுரோட இருக்காரும்மா!” என்று வாத்தியார் ஓடினார்.

“அப்பறம் எதுக்குக் கதைய சொல்றீங்க?”

வாத்தியார் பாயை விரித்தார். வந்தது வந்தோம் என்று உட்கார்ந்தார்கள்.

அண்ணி தினமும் வந்தாள். கதவோரம் உட்காருவாள். நான் புத்தகத்தை மூடியதும் கேட்பாள்.

“வந்துச்சா தம்பி?”

“இன்னும் இல்லீங்க அண்ணி. இப்பத்தான் அவருக்குக் கல்யாணம்.”

அவர் படித்தது, வேட்டைக்குப் போனது, கலெக்டர் கை குலுக்கியது எல்லாம் கேட்டாள். குதிரை வாங்கிய பக்கத்தில் மட்டும் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள். “குதிரைக்கே பேரு போட்டிருக்குது. அவருக்குப் போடாமயா இருப்பாங்க.”

ஏரி உடைந்த பக்கம் வந்த அன்று மிட்டாதாரே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். படித்தேன். எசமான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாராம். தன் கையால் மூட்டை அடுக்கினாராம். கூலியாட்கள் சிலரும் உதவினார்களாம். அவ்வளவுதான். அடுத்த பக்கத்தில் கோயில் தேருக்குச் சக்கரம் மாற்றினார்.

நிறுத்தினேன்.

“அவ்வளவுதானா தம்பி?”

“அவ்வளவுதாங்க அண்ணி.”

“பேரு?”

“இல்லீங்க.”

அண்ணி மிட்டாதாரைப் பார்த்தாள். தலையை அவிழ்த்தாள். உட்கார்ந்தபடியே ஒப்பாரிக்குக் குரலெடுத்தாள். அண்ணன் பிறந்ததிலிருந்து தொடங்கினாள். அவன் மாடு மேய்த்தது, அவளைக் கட்டிக்கொண்டது, களி ஆறும் முன்னே எழுந்து ஏரிக்கு ஓடியது. அடிக்கு ஒரு தடவை அவன் பேர் வந்தது. மற்றப் பெண்கள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து அழுதார்கள். அந்த அறை முழுக்க அவன் பேராக இருந்தது.

மிட்டாதார் துண்டால் கண்ணைத் துடைத்தார். கூலியாட்களின் பேரை அவர் என்றைக்குத் தெரிந்துகொண்டார், இன்று தெரிய.

“பாத்தியா வாத்தியாரே, எப்பிடி அழுவறாங்க! நல்லாத்தான் எழுதியிருக்கற.”

வாத்தியாருக்குத் தெரியும். என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். “ஆமாங்க எசமான்” என்றார். அந்த ஆமாங்கவுக்குத்தான் அவர் படித்திருந்தார்.

மறுநாள் பலகையில் ‘பெண்களும் கண்ணீர் விட்டுக் கேட்ட வரலாறு’ என்று எழுதியிருந்தது. களைக்கொத்தோடு போன அண்ணி நின்றாள்.

“என்னா எழுதியிருக்குது?”

படித்துச் சொன்னேன்.

“அவருக்கு அழுதோம்னா நெனச்சுக்கிட்டாரு?”

“ஆமாங்க.”

“நெனச்சுக்கட்டும். அழுதாச்சு. இனி அவரு செத்தா எங்களக் கூப்பிட வேண்டாம்னு சொல்லு.”

யுத்தம் முடிந்த பிறகு மிட்டாதார் செத்தார். சாவுக்கு அண்ணி போகவில்லை. அன்று தோளைப் பிடித்து அழுத பெண்களும் போகவில்லை. சேலத்திலிருந்து கூலிக்கு ஆள் பிடித்து வந்து அழ வைத்தார்கள்.

கேட்டதற்குப் பதில் இதுதான். கப்பல் சமையல்காரன் புத்தகம் எங்காவது கிடைத்தால் படியுங்கள். மிட்டாதார் வரலாறு கிடைக்காது. எலி தின்றுவிட்டது.