போனில் அழித்த மெயில்

போடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்து ஓய்ந்தவன் நான். மெயில் செட்டப் செய்யப் போகும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். எழுதி என்ன ஆகப் போகிறது என்றும் இருக்கிறது.

ஏலக்காய் முதலாளி ஒருவர் கூப்பிட்டார். ஊருக்குள் கடை, போடிமெட்டுக்கு மேலே தோட்டம். கடை மெயில் ‘பாப்’ முறையில் இருந்தது. வருவதெல்லாம் கடைக் கம்ப்யூட்டருக்குள் இறங்கிவிடும், அங்கே மட்டும்தான் பார்க்கலாம். எங்கே இருந்தாலும் பார்க்க வேண்டும் என்றார். ‘ஐமேப்’புக்கு மாற்றி, அவர் போனிலும் வீட்டு லேப்டாப்பிலும் போட்டுக் கொடுத்தேன். இனி ஓர் இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் போய்விடும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினார். கவனமெல்லாம் ஜீப்பில் ஏறிய லோடு மேல்.

தோட்டத்துக்குத் தபால் வராது. அங்குள்ள ஆட்கள் எதற்கும் கடை முகவரியைத்தான் கொடுப்பார்கள். கடிதம் ஜீப்பில் மேலே போகும். மெயில் வந்த பிறகும் அதே வழக்கம். கிளார்க் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தனுப்புவார். காயெடுக்கும் முத்துமாரியின் மகள் கவிதா, நர்சிங் முடித்தவள், மதுரை ஆஸ்பத்திரி ஒன்றுக்கு விண்ணப்பித்தபோது கடை மெயிலைத்தான் கொடுத்தாள்.

ஒரு சனிக்கிழமை ஏலக்காய் ஏலம் முடிந்ததும், விலை மெயில் குவிந்துவிட்டதென்று முதலாளி போனில் மொத்தமாக அழித்தார். குப்பைப் பெட்டியையும் காலி செய்தார். திங்கள்கிழமை கிளார்க்குக்குப் பிரிண்ட் எடுக்க ஒன்றுமில்லை. கூடப் படித்தவள் அதே வேலையில் சேர்ந்த பிறகுதான் கவிதாவுக்கு விஷயம் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டால், இன்டர்வியூவுக்கு மெயில் அனுப்பினோம், தேதி முடிந்தது என்றார்கள்.

தாயும் மகளும் கடைக்கு இறங்கி வந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். தேடினேன். மூன்று இடத்திலும் இல்லை.

"என் போன்லதானப்பா அழிச்சேன். கடைல கெடக்கும்னுல்ல நெனச்சேன்" என்றார் முதலாளி. கெட்ட மனுஷன் இல்லை. அதை வைத்து என்ன செய்வது?

முத்துமாரி என் பக்கம் திரும்பினாள். "தபாலக் கிழிச்சுப் போட்டாக்கூட ஒட்டவச்சுப் படிக்கலாம் தம்பி. இதுல ஒண்ணுமே மிஞ்சாதா?"

எனக்கு அன்று இந்தத் தொழிலே வெறுத்துப்போனது.

செட்டிங்கில் கை வைக்கும் முன், அந்தப் பெட்டிக்கு வேறு யார் யாருக்கு மெயில் வருகிறது என்று கேளுங்கள். நான் கற்றது அவ்வளவுதான்.

கவிதாவுக்குத் தனி மெயில் போட்டு, அவள் போனில் ஏற்றிக் கொடுத்தேன். இப்போது அவளும் அம்மாவோடு காயெடுக்கப் போகிறாள். சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று தினமும் திறந்து பார்க்கிறாளாம். போன வாரம் போனை வாங்கிப் பார்த்தேன். வந்திருந்தது நான் அனுப்பிய டெஸ்ட் மெயில் மட்டும்தான்.