காய்ச்சிய ஒயின்

தொண்டாமுத்தூரில் பழனிச்சாமியின் திராட்சைப் பந்தலடியில் எரிச்சலோடு உட்கார்ந்திருக்கிறேன். பிரான்ஸில் குடித்துவந்த பெருமையில், வீட்டிலேயே ஒயின் போடும் வழியைப் போன தடவை இவர்களுக்குச் சொன்னவன் நான்தான். அதை நம்பி, பந்தல் பழம் முழுவதையும் வியாபாரிக்குக் கொடுக்காமல் பிழிந்துவிட்டார்கள். வாயில் வைத்தால் வெறும் பாகு.

"சாறைக் காய்ச்சினீங்களா?"

"ஆமாங்க. வாரவங்களுக்குப் பச்சையா எப்படிங்க குடுக்கறது?" என்கிறார் பழனிச்சாமியின் மனைவி.

"காய்ச்சினா எப்படிம்மா புளிக்கும்? அத்தனையும் பாழ்."

"காய்ச்சக் கூடாதுன்னு நீங்க சொல்லலீங்களே, சார்."

சொல்லவில்லை. குடித்ததைத் தவிர எனக்கு ஒயினைப் பற்றி எதுவும் தெரியாது என்பதையும் சொல்லவில்லை. இப்போதும் சொல்ல வாய் வரவில்லை.

பழனிச்சாமி சாறு இருக்கும் பானையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர் மனைவி என் டம்ளரை மறுபடி நிரப்புகிறார்.

"அட, இன்னுங் கொஞ்சம் குடிங்க. உங்களுக்குன்னுதானுங்க போட்டோம்."