மாப்பிள்ளையின் எஞ்சின் நம்பர்

எனக்கு ஆட்களைச் சட்டென்று நம்ப வராது. அதை ஒரு குறையாகவும் நான் நினைப்பதில்லை. வாழைச்சேனைப் பக்கம் ஒரு ட்ராக்டர் சாமான் கடையில் பாதி ஆயுளைக் கழித்தவள் நான். வயதைக் கேட்டால் புளுகுகிறவர்கள்கூட எங்கள் கடையில் எஞ்சின் நம்பரை ஒழுங்காகச் சொல்வார்கள். பிழையாகச் சொன்னால் கொண்டுபோகும் சாமான் பொருந்தாது.

அப்படித்தான் நம்பர் வாசிக்கப் பழகினேன். முன்னால் நிற்கும் எழுத்துகள் எஞ்சின் எந்த வகை என்று சொல்லும். நடுவில் வருவது செய்த நாடு. கடைசி எழுத்து, செய்த வருசம். ட்ராக்டரை நாங்கள் மெசின் என்போம்; பழைய மெசின் என்றால் அந்தக் கடைசி எழுத்தைத்தான் என் கண் முதலில் தேடும்.

மகளுக்கு வாகரையில் இருந்து சம்பந்தம் வந்தது. பொடியன் தங்கமான பிள்ளை என்று எல்லாரும் சொன்னார்கள். எல்லாரும் ஒரே மாதிரிச் சொன்னதே எனக்குப் பிடிக்கவில்லை. அவனுக்கு இருந்த ஒரே சொத்து, பழைய சிவப்பு நாலு சில்லு மெசின். தகப்பன் வாங்கியது, எஞ்சின் மாற்றவே இல்லை என்று பெண் பார்க்க வந்த அன்றே சொன்னான். நான் அதைக் கேட்கவில்லை. கேட்காத ஒன்றை ஒரு மனுசன் ஏன் எடுத்துச் சொல்ல வேண்டும்?

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். அவனோடு அந்த மெசினும் என் வீட்டு வளவுக்குள் வந்து நிற்கும். எஞ்சினை மாற்றியிருந்து, அது களவு எஞ்சின் என்றால் பொலிஸ் வருவதும் என் வாசலுக்குத்தான். ஆம்பிளை இல்லாத வீடு. மகளின் வாழ்க்கை அத்தோடு நாறிப்போகும்.

மழைக்கு முதல் எங்கள் வயல் வட்டையை உழுது தருகிறேன் என்று வந்தான். உழுது முடித்து, மெசினை வேலிப் படலைக்கு வெளியே விட்டுவிட்டுக் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனான். நான் மண்ணெண்ணெய்ப் போத்தலும் சீலைத் துண்டும் சோக்குக் கட்டியுமாக மெசினடிக்கு நடந்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே அடித்திருந்த தகட்டில் மெசினின் நம்பர் இருந்தது. அவன் சொன்னதுபோலப் பழையதுதான். பிறகு டீசல் பம்புக்குப் பக்கத்தில் இருந்த சேற்றையும் கிறீசையும் துடைத்து, சோக்குக் கட்டியால் தேய்த்தேன். எஞ்சின் நம்பர் வெள்ளையாகக் கிளம்பியது. கடைசி எழுத்தின்படி அந்த எஞ்சின் மெசினைவிடப் பல வருசம் இளையது. பிடிபட்டாயா என்று உள்ளுக்குள் ஒரு சந்தோசம். ஆனால் கலியாணத்தை ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று.

திரும்பி வந்தவன் என் கையில் சோக்கைக் கண்டதும் நின்றுவிட்டான்.

"இது ஆர்ர எஞ்சின் தம்பி?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற மகளைப் பார்த்தான். ஓகோ, இவளும் இதில் கூட்டா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மெல்லச் சொன்னான். தகப்பனின் எஞ்சின் சுனாமியில் உப்புத் தண்ணீர் ஏறிப் பழுதாகிவிட்டது. இது அவனுடைய தாய்மாமனின் எஞ்சின். கரையில் நின்ற மாமனை அலை கொண்டுபோனது. வயலில் நின்ற அவர் மெசின் தப்பியது. மாமனின் பெண்சாதி பிறகு அதைக் கழற்றிச் சாமான் சாமானாக விற்றபோது, எஞ்சினை மட்டும் இவர்களுக்குக் கொடுத்திருக்கிறா.

"களவெடுத்தது இல்ல மாமி. கடல் கொண்டுபோன ஆள்ர சாமான் கலியாண வீட்டுக்கு வருகுதெண்டு தெரிஞ்சா நீங்க பொண்ணு தரமாட்டீங்க எண்டு பயந்திட்டன்."

அவன் பயந்தது சரிதான். களவு என்றிருந்தால் எனக்குக் கோபம் மட்டும்தான் வந்திருக்கும். இது கலியாண வீட்டுக்கு அபசகுனம். செத்த மனுசனின் எஞ்சின் என் வளவுக்குள் ஒண்ணாது, அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வருவதென்றால் வா, இல்லாவிட்டால் வராதே என்று சொல்லிவிட்டேன்.

மகள் படியிறங்கி வந்தாள். அவள் சத்தம் போடவில்லை.

"அவர் எனக்கு முதலே சொன்னவர்மா. நானும் கடல் கொண்டுபோன ஆள்ர பிள்ளைதானே. அவர்ர அம்மா என்னைய ஒண்ணாதெண்டு சொல்லல்லயே."

அவள் தகப்பனை அலை கொண்டுபோனபோது அவள் என் இடுப்பில் இருந்த கைப்பிள்ளை. இத்தனை வருசத்தில் அவளை அப்படி ஒரு கண்ணால் நான் பார்த்ததே இல்லை. போய்ப் படலையை அகலத் திறந்துவிட்டு, மெசினை உள்ளே கொண்டுவரச் சொன்னேன்.