ஆளுக்கொரு கேள்வி

லென்ஸின் ஓரத்தைச் சாணைச் சக்கரத்தில் தேய்த்து, வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, தலையைத் தூக்காமலே கேட்கிறார்: "கியூ நீளமா இருந்தா நிப்பீங்களா, திரும்பிப் போயிடுவீங்களா?" விளையாட நல்ல வீடியோ கேம் ஒன்று சொல்லுங்கள் என்று வந்து நிற்பவருக்கு இவர் தரும் பதில் இப்படித்தான் தொடங்கும்.

எங்கள் கண்ணாடிக் கடையின் முன்னறையில் கண் பரிசோதிப்பவன் நான். பின்னறையில் லென்ஸ் வெட்டிப் பிரேமில் பொருத்துகிறவர் இவர். நாற்பதைத் தாண்டியும் கண்ணாடி போடாதவர். நகக்கண்ணில் எப்போதும் வெள்ளைத் தூள். கேம் விஷயத்தில் இந்தத் தெருவுக்கே நான்தான் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டு அலமாரி நிறைய டிஸ்க் வைத்திருக்கிறேன். ஆனால் அத்தனை பேரும் போய் நிற்பது அந்தப் பின்னறை வாசலில்.

எதை விளையாடி முடித்தீர்கள் என்று கேட்கவே மாட்டார். ஆளுக்கொரு கேள்வி, அவ்வளவுதான். பக்கத்து மருந்துக்கடைக்காரரிடம், "கோவம் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்றார். "என்னத்தப் பண்றது, மாத்திரைய அடுக்குவேன்" என்றார் அவர். உடனே இவர் ஒரு லென்ஸ் உறையைக் கிழித்து, பின்பக்கத்தில் கட்டடங்களை இடித்துத் தள்ளும் கேம் ஒன்றின் பெயரை எழுதினார். "நாள் பூரா அடுக்குற மனுஷன், வீட்டுலயும் அடுக்கணுமா? போய் உடைங்க." மருந்துக்கடைக்காரர் இப்போது சிரித்த முகத்தோடு ஷட்டரைத் தூக்குகிறார். பார்க்கவே எனக்கு எரிகிறது.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பதினான்கு வருடமாக என் மனைவிக்கு நான் சொல்லாத கேம் இல்லை. ஒன்றையும் அவள் பத்து நிமிடத்துக்கு மேல் தொட்டதில்லை. அவள் திணறும்போதெல்லாம், "குடு, இந்த இடத்த மட்டும் தாண்டிக் குடுத்துடறேன்" என்று கன்ட்ரோலரை வாங்கிக்கொள்வேன். உதவி செய்வதாகத்தான் நினைப்பு.

போன மாதம் பிரேம் இறுக்க வந்தவளிடம் இவர், "வழி தப்பிட்டா என்ன பண்ணுவீங்க அண்ணி?" என்று கேட்டுவைத்தார்.

"யாரையும் கேக்க மாட்டேன். சுத்திச் சுத்தி நானே கண்டுபிடிப்பேன். தொலைஞ்சு போறதும் ஒரு சுகந்தானே" என்றாள்.

எனக்கு இது புதுச் செய்தி. பனிமூட்டத்தில், வரைபடமே இல்லாமல், தீவு தீவாகத் தபால் படகு ஓட்டும் கேம் ஒன்றை எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து அவள் சோபாவை விட்டு எழுந்திருப்பதில்லை. நான் பக்கத்தில் போனால் கன்ட்ரோலரை மடிக்குள் இழுத்துக்கொள்கிறாள். முந்தாநாள் கடைக்குப் போன் செய்தாள். எடுத்தது நான். "ஒரு கலங்கரை விளக்கம் கண்டுபிடிச்சிருக்கேன், லென்ஸ்காரர்கிட்ட குடுங்க" என்றாள். குடுத்தேன். பேசி முடிக்கும்வரை பின்னறை வாசலிலேயே நின்றேன்.

நேற்று வெட்கத்தை விட்டுப் பின்னறைக்குப் போனேன். "எனக்கும் ஒண்ணு சொல்லுப்பா. அவளும் நானும் சேர்ந்து விளையாடற மாதிரி."

உறையைக் கிழித்தார். பேனாவைத் திறந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணி தப்பான பக்கம் படகத் திருப்புறாங்க. சரியான வழி உங்களுக்குத் தெரியும். வாயத் திறக்காம, கையக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்களாண்ணே?"

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, அடுத்த லென்ஸைக் கையில் எடுத்தார்.