கருவாடு மணந்த மத்தியானம்

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் அபிராமபுரத்தில் அந்த மாடி வீட்டை வாடகைக்கு எடுத்தோம். கீழே வீட்டுக்கார மாமி. அவர் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. "அசைவம் சமைக்கப்படாது, வெளியிலேர்ந்து வாங்கிண்டும் வரப்படாது." தலையாட்டினோம். இந்தப் பக்கம் வீடு தேடுகிற எல்லோரும் ஆட்டுகிற தலைதான்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற ஏற, என் மனைவிக்குச் சாப்பாடே பிடிக்காமல் போனது. "பிடிச்சது எதுவானாலும் கொடுங்க, எடை குறையக் கூடாது" என்றார் டாக்டர். சொல்வதற்கென்ன! மயிலாப்பூரில் நெய் ரோஸ்ட், தி. நகரில் சேட்டுக் கடை கச்சோரி, நந்தனத்தில் நேபாளத்துக்காரர் அவித்துக் கொடுக்கும் மோமோ, அடையாறில் மலையாளி கடை ஆப்பம் என்று அலைந்து வாங்கி வந்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு ஒதுக்கினாள்.

"மண்ணைத் துன்றாப்ல கீதுய்யா."

இத்தனை ஊர்க்காரர்கள் சமைக்கிற ஊரில் அவளுக்கு ஒரு வாய்ச் சோறு இல்லை. ஒரு தப்பும் செய்யாத கடைக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஒரு நாள் அவளே கேட்டாள். "எங்கம்மா வைக்கிற கருவாட்டுக் கொழம்பு இருந்தா ரெண்டு வாய் துன்னுவேன்."

மாமியார் வீடு முன்பு ஆற்றங்கரையில், கூப்பிடு தூரத்தில் இருந்தது. இப்போது அந்தக் குடியிருப்பையே அரசாங்கத்தில் ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார்கள். அங்கே போய்க் குழம்பைத் தூக்குச் சட்டியில் வாங்கி, பைக்கு மேல் பை போட்டுக் கட்டி, பஸ்ஸில் கொண்டுவந்தேன். ஜன்னல்களைச் சாத்திச் சாம்பிராணி போட்டேன். சாம்பிராணிக்கு அடங்குகிற சரக்கா அது? தூக்கைத் திறந்ததும் எனக்கே நாக்கில் ஊறியது.

சோற்றில் பிசைந்து ஊட்டினேன். மென்றாள். இரண்டாவது வாயையும் வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"அம்மா உப்பு போடலியா?"

தொட்டு நக்கிப் பார்த்தேன். உப்பு, புளி, காரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. "கொஞ்சம் கம்மிதான்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. திறந்தால் மாமி, கையில் கிண்ணத்தோடு.

"அவளுக்கு மிளகு ரசம்..." என்று ஆரம்பித்தவர் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். "என்ன வாடை இது? கீழ பூஜை ரூம் வரைக்கும் வரதே!" குரலில் கோபத்தைவிட அழுகைதான் இருந்தது. என் வலது கை முழுக்கக் குழம்புச் சோறு. எதை மறைப்பது?

உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள். பல வாரங்களாக அந்தக் குரலில் இல்லாத ஆவல்.

"மாமி, கீழ வரிக்கும் வாசனை வருதா? எனக்குத்தான் ஒண்ணுமே தெரில. எப்படிக் கீதுன்னு சொல்லுங்க மாமி!"

மாமி மூக்கிலிருந்து முந்தானையை மெதுவாக எடுத்தார். வாழ்நாளில் கருவாட்டை வாயில் வைத்திராத அந்த அம்மாள் என்ன சொல்வார்? நான் கதவை அகலத் திறந்து மாமிக்கு வழிவிட்டேன்.